சுட்ட தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்பும் அமெரிக்கர்கள்: புதுசா ஆரம்பிப்பவர்கள் பயப்படுவது எதற்கு, ஆபத்து இருப்பது எங்கே?

சினிமாவில் ஹீரோ சுடுவார். 'டிங்' என்ற சத்தத்தோடு ஒரு பித்தளைக் குழல் தரையில் விழுந்து உருளும். க்ளோஸ்-அப்பில் அதைக் காட்டிவிட்டு கேமரா நகர்ந்துவிடும். அந்தக் குழலின் வேலை அதோடு முடிந்தது என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளங்களில் வேறு காட்சியைப் பார்க்கலாம். சுட்டு முடித்ததும் சிலர் குனிந்து, கீழே கிடக்கும் குழல்களை ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவார்கள். வீட்டில் கார் நிறுத்தும் அறையில் ஒரு மேஜை, அதன் மேல் ஒரு இயந்திரம். அதே குழலில் மறுபடி மருந்து நிரப்பி, புதுத் தோட்டாவாக மாற்றிவிடுவார்கள். இதற்குப் பெயர் ரீலோடிங்.

'என்னது, வீட்டுக்குள்ள வெடிமருந்தா?' இப்படித்தானே தோணுது? இந்த வேலையைப் புதுசா ஆரம்பிக்கும் அமெரிக்கர்களுக்கும் இதே பயம்தான். மேஜையிலேயே ஏதாவது வெடித்துவிடுமோ என்று கை நடுங்கும். பயம் சரிதான். ஆனால் அது பெரும்பாலும் தப்பான இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறது. எப்படி என்று பார்க்கலாம்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கு?

குண்டு, தோட்டா இரண்டையும் நாம் ஒரே பொருளில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் தோட்டா என்பது நான்கு பொருள் சேர்ந்த ஒரு பொட்டலம். வெளியே இருக்கும் பித்தளைக் குழல் ஒன்று. அதன் அடிப்பக்கத்தில் சின்னப் பொட்டு மாதிரி பதிந்திருக்கும் பிரைமர் இரண்டாவது. உள்ளே மருந்து. மேலே மூடி மாதிரி செருகியிருக்கும் குண்டு.

துப்பாக்கியின் ஊசி பிரைமரைத் தட்டும். பிரைமர் பொறி கக்கும். அந்தப் பொறியில் மருந்து எரிந்து வாயுவாகும். வாயு குண்டைத் தள்ளிக்கொண்டு போகும். எல்லாம் முடிந்த பிறகு பித்தளைக் குழல் மட்டும் கிட்டத்தட்ட அப்படியே மிஞ்சும். தோட்டாவில் விலை அதிகமான பாகங்களில் ஒன்று இது. அதைத் தூக்கிப் போட மனசு வராதவர்கள்தான் ரீலோடிங் பக்கம் வருகிறார்கள். தன்னுடைய துப்பாக்கிக்கு ஏற்ற மாதிரி தோட்டாவைச் செய்தால் குறி இன்னும் துல்லியமாக விழும் என்பதற்காகச் செய்யும் போட்டியாளர்களும் உண்டு. கடையில் இப்போது கிடைக்காத பழைய ரகத் துப்பாக்கியை வைத்திருக்கும் வேட்டைக்காரர்களுக்கு வேறு வழியே இல்லை.

அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள தனி உரிமம் தேவையில்லை. தொழிலாகச் செய்து விற்றால்தான் உரிமம் கட்டாயம்.

கை நடுங்குவது எந்த இடத்தில்?

ஜூஸ் கடையில் சாத்துக்குடியை வைத்து ஒரு கைப்பிடியை அழுத்திப் பிழிவார்களே, ரீலோடிங் இயந்திரமும் ஏறக்குறைய அந்த மாதிரிதான். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் பழைய பிரைமர் வெளியே வரும், உப்பிப்போன குழல் பழைய அளவுக்குச் சுருங்கும். அடுத்து புதுப் பிரைமரைப் பதிக்க வேண்டும். புதியவர்களுக்கு வியர்ப்பது இங்கேதான்.

தீபாவளிக்கு நாம் சுட்ட ரோல் கேப் ஞாபகம் இருக்கா? பிரைமரும் அதே குணம்தான், ஆனால் பலம் பல மடங்கு. தட்டினால் வெடிப்பதற்காகவே செய்யப்பட்ட பொருளை ஒரு இரும்புக் கருவியால் அழுத்திப் பதிக்கச் சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது? நிதானமாக, நேராக அழுத்தினால் அது வெடிப்பதில்லை. வேகமாகத் தட்டினாலோ, கோணலாக மாட்டிக்கொண்டதை மல்லுக்கட்டி நசுக்கினாலோ வெடிக்கலாம். அதனால்தான் கண்ணாடி போடாமல் மேஜைப் பக்கமே போகாதே என்கிறார்கள் அனுபவசாலிகள். பிரைமர்களைப் பெட்டியிலிருந்து கொட்டி கண்ணாடி பாட்டிலில் சேர்த்து வைப்பது மகா தப்பு. ஒன்று வெடித்தால் மற்றவையும் சேர்ந்து வெடிக்கும். கம்பெனிப் பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குழி இருப்பதே இதைத் தடுக்கத்தான்.

அடுத்த பயம் மருந்தைப் பற்றியது. வெடிமருந்து என்றதும் நம் மனசில் வருவது சிவகாசி விபத்துகள். ஆனால் பட்டாசில் இருக்கும் ரசாயனக் கலவை வேறு. நவீனத் தோட்டாக்களில் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் அடிப்படையிலான, புகை அதிகம் வராத மருந்து. 1884-ல் பிரான்ஸில் பால் வியேய் என்ற வேதியியலாளர் உருவாக்கிய வகையின் வாரிசு இது. திறந்த வெளியில் தீப்பட்டால் இது குபுகுபுவென்று வேகமாக எரியும். அடைத்து வைத்த இடத்தில்தான் வெடிப்பாக மாறும். அதற்காக விளையாட்டுப் பொருள் என்று அர்த்தமில்லை. பக்கத்தில் சிகரெட் கூடவே கூடாது. ஆனால் ஸ்பூனில் அள்ளும்போதே வெடித்துவிடுமோ என்று நடுங்க வேண்டியதில்லை.

முதல் வாரத்தில் ஒரு புதியவருக்கு நடக்க வாய்ப்புள்ள விபத்து எது தெரியுமா? குழல் அச்சுக்குள் மாட்டிக்கொள்வது. இட்லித் தட்டில் எண்ணெய் தடவாமல் மாவை ஊற்றினால் என்ன ஆகும்? அதேதான். ரைஃபிள் குழலுக்கு மசகு தடவ மறந்துவிட்டு கைப்பிடியை இழுத்தால் உள்ளே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஆபத்து ஒன்றும் இல்லை. அரை நாள் வேலையும் கொஞ்சம் மானமும் போகும், அவ்வளவுதான்.

அப்போ ஆபத்து எங்கே?

மேஜையில் செய்த தப்பு மேஜையில் தெரியாது. இதுதான் ரீலோடிங்கின் முழுச் சிக்கலும். தப்பு இன்றைக்கு நடக்கும், சத்தமே வராது, தோட்டா பார்க்க அழகாக இருக்கும். ஒரு மாதம் கழித்து பயிற்சித் தளத்தில், முகத்துக்கு ஒரு அடி தூரத்தில், கைக்குள் அது வெளியே வரும். சில சமயம் அந்தத் துப்பாக்கியைப் பிடித்திருப்பது அதை நிரப்பியவராகவே இருக்க மாட்டார். பிள்ளையாகவோ நண்பராகவோ இருக்கலாம்.

துப்பாக்கிக் குழலுக்குள் எவ்வளவு அழுத்தம் உருவாகும் என்று தெரிந்தால் விஷயம் புரியும். நம்ம கார் டயரில் காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ சுமாருக்கு இருக்கும். சாதாரண 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் அமைப்பான சாமி நிர்ணயித்திருக்கும் உச்ச வரம்பு 35,000 பிஎஸ்ஐ. டயரைப் போல ஆயிரம் மடங்கு. பெரிய ரைஃபிள்களில் 60,000-ஐத் தாண்டும். இவ்வளவு அழுத்தத்தை உண்டாக்கும் மருந்தின் அளவு எவ்வளவு? பல கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் அரை கிராம்கூட இல்லை.

இந்த மருந்தை கிரெயின் என்ற அலகில் நிறுப்பார்கள். ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின். நம்ம ஊர் பொற்கொல்லர்கள் பயன்படுத்திய குன்றிமணியோடு ஒப்பிட்டால், ஒரு குன்றிமணி எடை ஏறக்குறைய 2 கிரெயின். அதாவது இரண்டு மூன்று குன்றிமணி எடை மருந்தில்தான் எல்லாமே இருக்கு. அதில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் விளைவு வேறு.

உப்பு போட்டோமா, இல்லையா?

சாம்பார் கொதிக்கும்போது போன் வரும். பேசிவிட்டு வந்து 'உப்பு போட்டோமா இல்லையா' என்று யோசிப்போம். சந்தேகத்தில் இன்னொரு ஸ்பூன் போட்டுவிட்டால் சாம்பார் காலி. ரீலோடிங்கில் மிகவும் பயப்படும் விபத்து இதேதான். ஒரே குழலில் இரண்டு தடவை மருந்து விழுவது. சாம்பாரையாவது ருசி பார்க்கலாம். குண்டைச் செருகிவிட்டால் உள்ளே என்ன இருக்கு என்று யாருக்கும் தெரியாது.

'இரண்டு தடவை போட்டால் வழிந்து தெரியாதா?' நல்ல கேள்வி. எல்லாத் தோட்டாவிலும் தெரியாது. உதாரணத்துக்கு .38 ஸ்பெஷல். 19-ம் நூற்றாண்டின் கடைசியில், கருமருந்துக்காக வடிவமைக்கப்பட்ட தோட்டா இது. கருமருந்துக்கு நிறைய இடம் வேண்டும். இன்றைய மருந்து கொஞ்சம் போட்டாலே போதும். ஆக, குழலில் பெரும்பகுதி காலியாகவே கிடக்கும். இரண்டு தடவை போட்டாலும் வழியாது. எட்டிப் பார்க்காதவருக்குத் தெரியவும் தெரியாது. சுட்டால் துப்பாக்கியே பிளந்து போகலாம்.

இதற்கு நேர் எதிரானது மருந்தே விழாமல் போவது. ஒன்றும் ஆகாது என்றுதானே நினைப்போம்? பிரைமரின் பலம் மட்டுமே குண்டைக் குழலிலிருந்து கிளப்பி, துப்பாக்கிக் குழாயின் நடுவில் கொண்டுபோய் அடைத்துவிடும். வழக்கமான 'டமார்' சத்தத்துக்குப் பதிலாக 'பொட்' என்று ஒரு சின்னச் சத்தம். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால், அடைபட்ட குழாய்க்குள் இரண்டாவது குண்டு வேகமாக வந்து மோதும். குழாய் உப்பும் அல்லது வெடிக்கும்.

இந்தப் பிரைமரின் பலத்தை உலகமே பார்த்த ஒரு சம்பவம் இருக்கு. புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ, 'தி க்ரோ' படப்பிடிப்பில் 1993 மார்ச் 31-ல் இறந்தார். வயது 28. க்ளோஸ்-அப் காட்சிக்காக நிஜத் தோட்டாக்களைப் பிரித்து, மருந்தைக் கொட்டிவிட்டு, குண்டை மறுபடி செருகி டம்மித் தோட்டாக்கள் செய்திருந்தார்கள். ஒன்றில் பிரைமர் உயிரோடு இருந்தது. அது குண்டைத் தள்ளி ரிவால்வர் குழாய்க்குள் அடைத்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. பிறகு வேறொரு காட்சிக்கு அதே ரிவால்வரில், சத்தம் மட்டும் தரும் வெற்றுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டபோது, அடைத்திருந்த குண்டு வெளியே பாய்ந்தது. அவர்கள் வீட்டில் ரீலோடிங் செய்தவர்கள் இல்லைதான். ஆனால் தப்பின் பாதை ஒன்றே. ஒரு நாள் ஒரு மேஜையில் நடந்தது, இன்னொரு நாள் இன்னொருவர் கையில் வெடித்தது.

பதற்றத்தை என்ன செய்வது?

நல்ல ஆசான்கள் புதியவர்களிடம் 'பயப்படாதே' என்று சொல்வதில்லை. அந்தப் பயத்துக்கு ஒரு வேலை கொடுக்கிறார்கள்.

மரக்கட்டையில் வரிசையாக 50 குழிகள். மருந்து போடாத குழல்கள் எல்லாம் கவிழ்த்து நிற்கும். ஒன்றை எடு, மருந்து போடு, நிமிர்த்தி வை. நிமிர்ந்திருந்தால் போட்டாச்சு, கவிழ்ந்திருந்தால் போடலை. ஞாபக சக்திக்கு இங்கே வேலையே இல்லை. 50-ம் முடிந்ததும் டார்ச் அடித்து எல்லாக் குழலுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் மருந்து ஒரே உயரத்தில் தெரிந்தால்தான் குண்டைச் செருகும் வேலை. ரொம்ப எளிமையான பழக்கம். ஆனால் மேலே சொன்ன இரண்டு விபத்துகளையும் பெரும்பாலும் இதுவே பிடித்துவிடும்.

மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். பெயர்கள் குழப்பக்கூடியவை. ஹெச் 4350, ஐஎம்ஆர் 4350, அக்யூரேட் 4350 என்று மூன்று மருந்துகள் கடையில் உண்டு. எண் ஒன்றுதான், மருந்து ஒன்றல்ல. ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. அளவு எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். ஹார்னடி, லைமன், ஸ்பீர் போன்ற நிறுவனங்கள் ஆய்வகத்தில் அழுத்தம் பார்த்து வெளியிடும் கையேடுகள் இருக்கு. ஒவ்வொரு தோட்டாவுக்கும் தொடக்க அளவு, உச்ச அளவு என இரண்டு எண்கள் இருக்கும். தொடக்க அளவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பயத்தில் அதற்கும் கீழே போவதும் ஆபத்து, குண்டு பாதியில் அடைத்துக்கொள்ளலாம். ஃபேஸ்புக் குரூப்பில் யாரோ போட்ட அளவை நம்பினால் கைவிரலை அவரிடம் அடகு வைத்த மாதிரிதான்.

தராசு? நகைக்கடையில் தராசைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபேன் காற்று பட்டால் எண் ஆடும். இங்கேயும் அதே கதை. டிஜிட்டல் தராசில் கிராம், கிரெயின் இரண்டும் ஒரே பட்டனில் மாறும் என்பது கூடுதல் தலைவலி. எடை தெரிந்த சோதனைக் கல்லை வைத்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

இயந்திரத்திலும் இரண்டு வகை. ஒரு இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்வது ஒன்று. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டாவே விழும் வேக வகை இன்னொன்று. வேக இயந்திரத்தில் நான்கைந்து வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கும், ஒன்றைக் கவனித்தால் இன்னொன்று தப்பும். புதியவர்களுக்கு முதல் வகைதான் நல்லது. கம்மியான வேகமே அதன் பலம்.

காலிங் பெல் அடித்தால்? பாதியில் இருக்கும் குழலின் மருந்தைத் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். டிவி, செல்போன் இரண்டும் வேறு அறையில். தூக்கக் கலக்கத்திலோ குடித்துவிட்டோ இந்த மேஜையில் உட்காரவே கூடாது.

எல்லாம் மீறி சந்தேகம் வந்துவிட்டால் கதை கொஞ்சம் வலிக்கும். 300 தோட்டா முடித்த பிறகு 'நடுவில் ஒன்றில் இரண்டு தடவை போட்டுவிட்டேனோ' என்று தோன்றினால் எதை எடுத்துப் பார்ப்பது? முடிந்த தோட்டாவை நிறுத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பலரும் முயல்வார்கள். நடக்காது. பித்தளைக் குழலும் குண்டும் ஒன்றுக்கொன்று எடையில் சில கிரெயின் வித்தியாசப்படும். கூடுதல் மருந்து அந்த வித்தியாசத்துக்குள் ஒளிந்துகொள்ளும். 300-ஐயும் ஒவ்வொன்றாகப் பிரிப்பதுதான் வழி. சுத்தியல் மாதிரி ஒரு கருவி இதற்கென்றே விற்கிறது. அந்த ஒரு ராத்திரி வேலை செய்தவர் அடுத்த முறை டார்ச் அடிக்க மறக்க மாட்டார்.

அதனால் முதல் முறை ஐந்தே ஐந்து தோட்டா போதும் என்கிறார்கள். சுடும்போது சத்தம் குறைவாகக் கேட்டால் உடனே நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். தட்டியும் சுடாவிட்டால், இலக்கை நோக்கியே பிடித்தபடி குறைந்தது 30 விநாடி காத்திருக்க வேண்டும். தாமதமாகச் சுடும் வாய்ப்பு உண்டு.

பீரோவில் பூட்டினால் பாதுகாப்பா?

ஆபத்தான பொருளை இரும்புப் பீரோவில் பூட்டுவதுதான் நமக்குத் தெரிந்த பாதுகாப்பு. தோட்டா மருந்துக்கு அது தலைகீழ். காற்றுப் புகாத இரும்புப் பெட்டிக்குள் தீப்பிடித்தால் அழுத்தம் கூடிப் பெட்டியே குண்டாகிவிடும். மருந்து வரும் பிளாஸ்டிக் டப்பா லேசான அழுத்தத்திலேயே திறந்துகொள்ளும்படி செய்யப்பட்டது. அதனால் அதே டப்பாவில், வெயிலும் சூடும் படாத இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்கிறார்கள். பெரிய அளவில் வைத்தால் மரப்பெட்டி. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதிப்படி, வீட்டில் அசல் டப்பாவில் வைக்கக்கூடிய அளவு 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ. ஓர் அங்குல கனமுள்ள மரப்பெட்டியில் 50 பவுண்டு வரை. பிரைமர் 10,000 வரை.

சத்தமே இல்லாத இன்னொரு ஆபத்து ஈயம். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கு. சுட்ட குழல்களைப் பளபளப்பாக்க ஒரு டப்பாவில் போட்டுச் சுழற்றுவார்கள். அதிலிருந்து கிளம்பும் தூசியில் அந்த ஈயம் கலந்திருக்கும். அதை வீட்டுக்குள் பிரிப்பது, அந்தக் கையோடு சாப்பிடுவது, அதே சட்டையோடு குழந்தையைத் தூக்குவது எல்லாமே உடம்பில் ஈயத்தைச் சேர்க்கும். சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். வாசல் பக்கம் மூடி போட்டு வேலை, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவல், மேஜையில் டீ கப் கூடாது. வெடிக்குப் பயப்படும் அளவுக்கு இதற்கு யாரும் பயப்படுவதில்லை என்பதுதான் வருத்தம்.

இந்தியாவில் இதைச் செய்யலாமா?

வீடியோவில் பார்த்துவிட்டு முயற்சி செய்யும் எண்ணம் யாருக்காவது இருந்தால், ஒரே வார்த்தை: வேண்டாம். இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959-ன் 5-வது பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ தயாரிப்பதைத் தடை செய்கிறது. துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் இருப்பது வேறு, தயாரிக்க உரிமம் இருப்பது வேறு. 2019-ல் வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, 25-வது பிரிவின்படி இந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு சிறை. அதிகபட்சம் ஆயுள் தண்டனை.